என் காலால் அளந்த மைதானம்

நான்காவது பந்தும் தலைக்கு மேலே போனது.

மட்டை பிடித்திருந்த பெண் அதை அடிக்கக்கூட முயலவில்லை. மட்டையைக் கீழே போட்டுவிட்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிறவள் போல ஆற அமர முதல் பேஸுக்கு நடந்து போனாள். அவளுக்கு முன்னால் வந்தவளும் அப்படித்தான் நடந்து போயிருந்தாள். அதற்கு முன்னால் வந்தவளும்.

நான் நடுவில், பந்து போடுகிற பலகையின் மேல் நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கை வியர்த்து, பந்தின் தோல் வழுக்கியது. வைகைக்கு வடக்கே இருந்த மைதானம் அது. சுற்றுச்சுவர் மேல் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"டேய், லைட்டு கம்பம் பட்டம் விடுதுடா!"

"யக்கோவ், நூலக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க!"

சிரிப்பு. எங்கள் பள்ளிப் பெண்களிலும் ஒருத்தி சிரித்தது எனக்குக் கேட்டது.

இரண்டு வாரங்களுக்கு முன், டவுன் பஸ்ஸில் எனக்கு அரை டிக்கெட் தர மறுத்த கண்டக்டர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகள் கேட்டாள், "ஏம்மா, இந்த உயரத்தால உனக்கு ஒரு நல்லதுகூட நடக்கலையா?"

நடந்தது. அது கையை விட்டுப் போகப் பார்த்த நாளைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒட்டடைக்கம்பு

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய சமயம். பழங்காநத்தத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஓட்டு வீடு. அப்பா திருவாதவூர்க்காரர். நிலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கப்பலூரில் ஒரு சின்ன போல்ட் கம்பெனிக்குச் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார்.

ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதே தெருவில் பாதி ஆண்களை நான் தாண்டிவிட்டேன். உயரம் மட்டும்தான். சதை கிடையாது. அம்மாவுக்கு அது தீராத கவலை.

"வாசல்ல போய் நிக்காத. நிலையில தல இடிக்கிறது ரோட்டுக்கே தெரியுது" என்பாள். "குனிஞ்சு நடடி. இப்படியே போனா உனக்கு மாப்பிள்ளைக்கு எங்க போறது? பனங்காட்டுக்கா?"

முருங்கைக்கீரை வளர்த்தி கொடுக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் கீரை, எனக்கு மட்டும் ரசம்.

நானும் குனியப் பழகிக்கொண்டேன். தோளை முன்னால் தள்ளி, கழுத்தை உள்ளே இழுத்து, நிற்கும்போது ஒரு முழங்காலை மடக்கி. அந்தக் காலத்துப் போட்டோக்களில் எனக்குக் கழுத்தே இருக்காது. பேசுவதும் குறைந்தது. பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், பார்த்தால் அண்ணாந்து பார்ப்பார்கள்.

பள்ளியில் என் பெயர் ஒட்டடைக்கம்பு. முத்துலட்சுமி என்பது வருகைப் பதிவுக்கு மட்டும்.

எனக்கு இருந்த ஒரே தோழி ராதா. மகால் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். நூல் சாயம் போடும் வாசனை சந்து முனையிலேயே வரும். அவள் அம்மா அவர்கள் பாஷையில் கூப்பிடும்போது, 'ராதா' என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரியும். அவள் என் அக்குள் உயரம். உருண்டையான உடம்பு. அவளுக்குப் பணியாரம் என்று பெயர்.

நாங்கள் சேர்ந்து நடந்தால் கேட்க வேண்டாம்.

"ஒட்டடக்கம்பும் பணியாரமும் வருதுடி!"

நான் தலையைக் குனிந்துகொள்வேன். ராதா நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் வருவாள். "பணியாரம்னா தின்னலாம், ஒட்டடக்கம்புன்னா வீடு சுத்தமாகும். நீ என்னத்துக்கு ஆவ, சொல்லு பாப்போம்?"

படத்தில் இருந்தவர்கள்

எங்கள் விளையாட்டு டீச்சர் பெயர் கிரேஸ். ஒரு கோடை விடுமுறையில் சென்னையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு, ஒரு சாக்குப் பையோடு திரும்பி வந்தார். அதில் இரண்டு மட்டைகள், சில தோல் கையுறைகள், ஒரு இரும்புக் கூண்டு முகமூடி, படம் போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று.

அந்த விளையாட்டு சாப்ட்பால். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருத்தி பந்து போடுவாள். அவள்தான் பிச்சர். கிரிக்கெட் மாதிரி தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் எறியக் கூடாது. கை ஒரு வட்டம் சுற்றி, இடுப்புக்குக் கீழே வந்து பந்தை விட வேண்டும். பந்து தரையில் படாமல், மட்டைக்காரியின் முழங்காலுக்கும் அக்குளுக்கும் நடுவே, அவள் முன்னால் கிடக்கும் தட்டைத் தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போகிற நல்ல பந்தை மூன்று முறை விட்டால் அவள் அவுட். அப்படிப் போகாத பந்தை அவள் சும்மா விட்டுவிடலாம். நாலு தப்புப் பந்து ஆனால் அவள் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். மூலைக்கு ஒன்றாக மூன்று பேஸ்; மூன்றையும் தொட்டுவிட்டுத் தட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்.

டீச்சர் புத்தகத்தைப் பிரித்துப் படங்களைக் காட்டினார். வெள்ளைக்காரப் பெண்கள். பந்து போடுகிறவர்கள் எல்லாரும் நெடுநெடுவென்று இருந்தார்கள்.

"பாத்தீங்களாடி, எம்புட்டு ஒசரம்! கை நீளமா இருந்தாத்தான் வட்டம் பெருசா வரும். வட்டம் பெருசானாத்தான் வேகம். நம்ம ஸ்கூல்ல ஒசரமானவ யாரு? முன்னாடி வா."

யாரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

உயரத்தைச் சொல்லி என்னை முன்னால் கூப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. அதுவரை, "நெட்டையெல்லாம் பின்னாடி போ" என்றுதான் கேட்டிருக்கிறேன். தயங்கித் தயங்கிப் போய் நின்றேன். டீச்சர் என் முதுகில் தட்டினார்.

"நிமிந்து நில்லுடி. எதுக்கு இப்படிக் கூனிக்கிட்டு நிக்கிற? எனக்கு இந்த ஒசரம் வேணும்."

எனக்கு இந்த ஒசரம் வேணும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது ராதாவும் கை தூக்கினாள். "டீச்சர், நானும் போட்டுப் பாக்கவா?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "போடு. ஆனா மொதல்ல மைதானத்த அளப்போம்" என்றார்.

எட்டு போட்டு

எங்கிருந்து எங்கே எவ்வளவு தூரம் என்று புத்தகத்தில் அடிக்கணக்கில் இருந்தது. அளக்கத்தான் ஒன்றும் இல்லை. நீளத்தாண்டலுக்கு வைத்திருந்த டேப் எப்போதோ அறுந்து, வாட்ச்மேன் வீட்டுத் துணிக்கொடியாகிவிட்டிருந்தது.

"எட்டு போட்டு அளந்துருவோம்" என்றார் டீச்சர். "ஒரு எட்டு மூணடின்னு வச்சுக்கலாம். முத்து, உங்க ஊர்ல வயக்காட்ட அப்படித்தான அளப்பாங்க? நீ போடு."

ஆமாம், அப்படித்தான் அளப்பார்கள். கமலைக் கிணற்றிலிருந்து வரப்பு வரைக்கும் அப்பா எட்டு வைத்து நடப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். நிலம் அளக்கும்போது சாதாரண நடை நடக்க மாட்டார். உடம்பை நிமிர்த்தி, காலை நன்றாக வீசி வைப்பார். நான் பின்னாலேயே அவர் கால் பதிந்த இடத்தில் என் காலை வைத்துத் தாவித் தாவிப் போவேன்.

அன்று மைதானத்தில் நான் அப்பாவைப் போலவே நடந்தேன். நிமிர்ந்து, காலை வீசி. பெண்கள் எல்லாரும் சத்தமாக எண்ணினார்கள். தட்டிலிருந்து பலகை வரைக்கும், ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸ் வரைக்கும், எல்லாத் தூரமும் என் கால்தான். நான் நின்ற இடத்தில் டீச்சர் செங்கல்லால் கோடு கிழித்தார். வாட்ச்மேன் ஒரு மரப்பலகையை ஆணி அடித்துப் புதைத்தார்.

பிறகு நாங்கள் இருவரும் பந்து போட்டோம்.

என் பந்து கோணல் மாணலாகப் போனாலும் தட்டைத் தாண்டியது. ராதாவின் பந்து நேராகப் போய், தட்டுக்கு முன்னாலேயே தரையில் குத்தியது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே இடத்தில் குத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொன்று.

"விடுடி" என்றார் டீச்சர், இரக்கமாகத்தான். "கட்டை ஒடம்பு, கை பத்தல. எட்டாது. நீ தட்டுக்குப் பின்னால ஒக்காந்து பந்து பிடி. அதுக்குத்தான் உன் ஒடம்பு தோது."

ராதா கேட்சர் ஆனாள். உயரமானவள் போடுவாள், குட்டையானவள் பிடிப்பாள் என்பது அன்றோடு எங்கள் பள்ளியில் சட்டம் ஆகிவிட்டது. கண்ணால் பார்த்த சட்டம். யார் மறுக்க முடியும்?

கல்லுக்குத் தெரியாது

இதை எழுதும்போது திருவாதவூர் அத்தை நினைவுக்கு வருகிறார். அப்பாவின் அக்கா. மாமாவின் மார்புக்குத்தான் வருவார்.

சோளம் பால் பிடிக்கிற நாட்களில் இருவரும் கிளி விரட்டக் கவணோடு போவார்கள். கயிற்று மடிப்பில் கல்லை வைத்துச் சுழற்றி விடுவது. மாமா ஆறடி ஆள். வீசினால் பார்க்கப் பயமாக இருக்கும். கல் என்னவோ சொந்த வயலுக்குள்தான் விழும். அத்தை இடுப்பை ஒரு வெட்டு வெட்டி விடுவார். கடைசி வரப்பில் இருக்கும் கருவேல மரத்திலிருந்து கிளிகள் பறக்கும்.

"அத்தே, நீங்க இத்துனூண்டு இருக்கீங்க. கல்லு எப்படி அம்புட்டுத் தூரம் போகுது?" என்று கேட்டிருக்கிறேன்.

"நான் குட்டைன்னு கல்லுக்குத் தெரியாதுல்ல" என்றார். மாமா துண்டை உதறிக்கொண்டு, வேலை இருப்பது போல வேறு பக்கம் போய்விட்டார்.

பள்ளி மைதானத்தில் டீச்சர் "எட்டாது" என்று சொன்னபோது இந்த அத்தை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. ராதாவின் பந்து குத்திய இடத்தில் மண் பெயர்ந்து கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்ஸ் வண்டியும் ஆட்டோவும்

அந்த வருஷம் முழுக்கப் பயிற்சி. பலகை அத்தனை தூரத்தில் இருந்ததால் பந்தைக் கொஞ்சம் மேல்நோக்கி விட்டால்தான் தட்டு வரைக்கும் போகும். அதற்கு என் கை பழகிக்கொண்டது. பலகைக்கு முன்னால் என் கால் ஊன்றி ஊன்றி ஒரு குழியே விழுந்துவிட்டது.

மாலை ஐந்துக்கு மேல் எல்லாரும் போன பிறகு ராதா அந்தப் பலகையில் நிற்பாள். தையல் பிரிந்த பழைய பந்து ஒன்று அவளுக்கென்று இருந்தது. நான் தட்டுக்குப் பின்னால் நின்று, குத்தி எழுகிற பந்தைப் பொறுக்கித் திருப்பி எறிவேன்.

"எட்டலதானடி. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நேத்து குத்துன எடத்துக்கும் இன்னைக்குக் குத்துன எடத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருக்கு, பாரு" என்றாள் ராதா. எனக்கு எல்லாம் ஒரே மண்ணாகத்தான் தெரிந்தது.

அவள் போடுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் என் உடம்பைப் பற்றியே எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. எங்கள் வீட்டுப் பக்கத்து ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் இழுக்கும். அடுத்த பெட்டி டங்கென்று அசையும், பிறகு அதற்கு அடுத்தது. அந்தச் சத்தம் கடைசிப் பெட்டிக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆகும். நான் பந்து போடுவது அப்படித்தான். காலை முன்னால் வைப்பேன், பிறகு இடுப்பு திரும்பும், தோள் வரும், கடைசியில்தான் மணிக்கட்டு. எல்லாம் சரியாகக் கோத்துக்கொண்டால் அந்த வேகம் பெரிய வேகம்தான். நீளமான கைக்கு அந்தப் பலன் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில் ஒரு பெட்டி பிசகினாலும் பந்து எங்கேயோ போகும்.

ராதா ஆட்டோ மாதிரி. கிளம்பினால் மொத்தமாகக் கிளம்புவாள். கால், இடுப்பு, கை எல்லாம் ஒரே வெட்டில் வந்துவிடும். நேற்றைய பந்தும் இன்றைய பந்தும் ஒரே கோட்டில் போகும். எட்டாது, அவ்வளவுதான்.

கோரிப்பாளையத்து டேப்

வெளியூர் அணியோடு, வைகைக்கு வடக்கே இருந்த மைதானத்தில் போட்டி என்று முடிவானது. பாவாடை தாவணியில் கையைச் சுற்றிப் போட முடியாது, தாவணி சுற்றிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையும் முழுக்கால் பேண்டும் தைக்க, கோரிப்பாளையத்தில் தர்கா பக்கத்தில் இருந்த ஒரு பாய் கடைக்கு டீச்சர் எங்களைக் கூட்டிப் போனார்.

பாய் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் பிடித்தார். திரும்பவும் பிடித்துப் பார்த்தார்.

"யா அல்லா! இந்தக் கை நீளத்துக்கு நான் ஆம்பளைக்கே தச்சதில்லம்மா."

நான் குனிந்துகொண்டேன். ராதா விடவில்லை.

"பாய், என் சட்டையில நீளம் மிச்சமாகும்ல? அத வெட்டி இவளுக்கு ஒட்டி விட்ருங்க."

"உனக்கு எங்கம்மா மிச்சம்? நீளத்துல மிஞ்சினது சுத்தளவுல போயிருச்சே!"

டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். ராதா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

"இதுல யாரும்மா பந்து எறியிறது?" என்று கேட்டார் பாய்.

"கையப் பாத்தா தெரியலையா பாய்?" என்று டீச்சர் என்னைக் காட்டினார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் ராதாவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் பாயின் டேப்பில் இருந்தது.

மறுபடியும் பலகை மேல்

இப்போது அந்த மைதானத்துக்கு வருகிறேன். மூன்று பேர் நடந்தே மூன்று பேஸிலும் நிற்கிறார்கள். இன்னொருத்தி நடந்தால், அடிக்காமலே அவர்களுக்கு ஒரு ரன்.

அடுத்தவளுக்குப் போட்ட முதல் பந்தும் தலைக்கு மேல் போனது. ராதா எம்பியும் கைக்குக் கிடைக்கவில்லை.

"குனிஞ்சு போடுங்கக்கா! நிமிந்தா மேகத்துல தட்டும்!" என்றான் சுவர் மேலிருந்த ஒருவன்.

நான் குனிந்தேன். தோள் தானாக முன்னால் வந்தது, கழுத்து உள்ளே போனது. அப்படிக் கூனிக்கொண்டு போட்ட பந்துகள் இன்னும் மோசமாகப் போயின. அவளும் நடந்தாள். ஒரு ரன். அடுத்தவளும் நடந்தாள். இன்னொரு ரன்.

டீச்சர் ஓரத்திலிருந்து கத்தினார். "என்னடி ஆச்சு ஒனக்கு? நேத்து வரைக்கும் நல்லாத்தான போட்ட?"

என்ன ஆச்சு என்று எனக்கே தெரியவில்லை. கை அதே கை. விடுகிற விதமும் அதேதான்.

ராதா நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு ஓடி வந்தாள். முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளியிருந்தாள். மூச்சிரைத்தது.

"முத்து, நான் இப்ப அங்கேருந்து ஓடியாந்தேன்ல?"

"ஆமா."

"சீக்கிரம் வந்துட்டேன்டி."

எனக்குப் புரியவில்லை.

"நம்ம ஸ்கூல்ல தட்டுலருந்து உன்கிட்ட வர இதவிட நேரமாகும். இங்க தட்டு கிட்டக்க இருக்கு. நீ தூரத்துக்குப் போடுற மாதிரியே தூக்கி விடுற, அதான் மேல போகுது."

திரும்பிப் பார்த்தேன். காலையில் இந்த மைதானத்துக்காரர்கள் இரும்பு டேப் பிடித்து, சுண்ணாம்பு போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருந்தேன். இவர்கள் அளந்தது தப்பாக இருக்க முடியாது.

அப்படியானால் எங்கள் பள்ளியில் அளந்தது?

எனக்கு அப்பாவின் நடை ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, காலை வீசி. மூன்றடி என்று டீச்சர் சொன்ன எட்டு, என் காலில் மூன்றடியாகவா இருந்திருக்கும்? எங்கள் மைதானமே என் காலுக்கு ஏற்ற மாதிரி பெருத்துப் போயிருக்கிறது. அதில் ராதாவை நிற்க வைத்து, எட்டவில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

அவள் பந்து குத்திய இடத்தை மனதுக்குள் பார்த்தேன். ஒரு வருஷமாகச் சாண் சாணாக முன்னால் நகர்ந்து, இப்போது தட்டை நெருங்கியிருந்த அந்த மண். இங்கே, இந்தத் தூரத்தில், அந்தப் பந்து குத்தாது. முழங்கால் உயரத்தில் தட்டைத் தாண்டும்.

ராதாவும் அதை யோசித்திருப்பாள். யோசித்திருக்காமல் இருக்க முடியாது. ஆனால் சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னாடியே விட்டுப் பாரு, எறங்கும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் அங்கே நின்றது ஒரு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு நீண்ட நேரமாகப் பட்டது. ஊரில் எல்லா இடத்திலும் குனியச் சொன்னார்கள். இந்த ஒரு பலகையில்தான் நிமிரச் சொன்னார்கள். இதை விட்டு இறங்கினால் நான் மறுபடி ஒட்டடைக்கம்புதான். கையைச் சரிசெய்து பார்க்கலாம். ஆனால் ஒரு வருஷப் பழக்கம் ஐந்து நிமிஷத்தில் மாறுமா? அதற்குள் எத்தனை ரன் நடந்து போகும்?

பலகையிலிருந்து இறங்கி டீச்சரிடம் போனேன். அவ்வளவு பேர் பார்க்க நானாகப் போய்ப் பேசியது அதுவே முதல் தடவை.

"டீச்சர், ராதா போடட்டும்."

"கிறுக்கு பிடிச்சிருச்சா? அவளுக்கு எட்டாதுடி."

"எட்டும் டீச்சர்."

"நம்ம கண்ணால பாத்தோம்ல?"

"அங்க அளந்தது நான் டீச்சர்" என்றேன்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். அப்புறம் தட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாத்திக்கங்க" என்றார்.

கூண்டுக்குள்ளிருந்து

ராதாவின் முகமூடியை நான் போட்டுக்கொண்டேன். துரு வாசனையும் அவள் தேங்காய் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது. தட்டுக்குப் பின்னால் என் நீளக் கால்களை மடக்கிக் குந்தி உட்கார்ந்தேன். முழங்கால்கள் காதுக்குப் பக்கத்தில் வந்தன. சுவர் மேல் பையன்கள் இன்னும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். கூண்டுக்குள் இருந்ததால் அது எனக்கில்லை என்பது போல இருந்தது.

கம்பிகளின் வழியே ராதாவைப் பார்த்தேன். பலகை மேல் நின்றாள். கொஞ்சம் மேடான இடம். அவளை அன்றுதான் நான் அண்ணாந்து பார்த்தேன்.

"பூசணிக்கா உருளுதுடோய்!" என்று கத்தினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள்.

பிறகு அந்த ஒரே வெட்டு.

பந்து தாழ்வாகப் புறப்பட்டு, தரையை உரசிவிடும் போல வந்து, முழங்கால் உயரத்தில் தட்டைத் தாண்டி என் கையுறைக்குள் அறைந்தது. கை எரிந்தது. மட்டைக்காரி மட்டையைச் சுழற்றவே இல்லை. நல்ல பந்து என்று நடுவர் வலது கையை உயர்த்தினார்.

அடுத்ததும் அதே இடம். அதற்கு அடுத்ததும்.

அந்தப் போட்டியில் நாங்கள் ஜெயித்தோம் என்று எழுத ஆசைதான். ஜெயிக்கவில்லை. நான் நடக்கவிட்ட ரன்களே எங்களைத் தோற்கடிக்கப் போதுமாக இருந்தன. ஆனாலும் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் பெண்கள் பந்தைத் தொட்டுவிட்டு ஓடினால் எதிரணி பந்தை எடுப்பதற்குள் பேஸில் போய் நின்றார்கள். வருஷம் பூராவும் என் காலால் அளந்த தூரத்தை ஓடிப் பழகியவர்கள் ஆயிற்றே. அவர்களுக்கு இது எதிர்த்த வீட்டுக்குப் போகிற தூரம்.

திரும்பும்போது பாலத்தில் நடந்து வந்தோம். கீழே ஆற்றில் மணல்தான். நான் வழக்கம்போலக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தேன்.

"எட்டும்னு ஒனக்குத் தெரியும்ல? நீயே டீச்சர்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றேன்.

"நான் கேட்டா சிரிப்பாங்கடி" என்றாள் ராதா. "அது உன் எடம். நீயா எறங்கணும்ல."



பழைய குழி

அடுத்த வாரம் சட்டைக்குப் பித்தான் மாற்றுகிற சாக்கில் கோரிப்பாளையம் போன ராதா, பாயிடம் கெஞ்சி அவருடைய பழைய டேப் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். துணி டேப். எண்கள் பாதி அழிந்திருந்தன. அதைத் தரையில் வைத்து வைத்து, டீச்சர் முன்னிலையில் அளந்தோம். பலகை ஆறேழு அடி முன்னால் வர வேண்டியிருந்தது.

"என் அளவுதான்டி தப்பு" என்றார் டீச்சர். "ஒரு எட்டு மூணடின்னேன், யாரோட எட்டுன்னு கேக்கல." அந்தப் புத்தகத்துப் படங்களை அவர் அப்புறம் எங்களிடம் காட்டவில்லை.

பலகையை நானே பெயர்த்து எடுத்து முன்னால் கொண்டுபோய் வைத்தேன். டீச்சர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் போட வைத்தார். முதலில் ராதா, மட்டைக்காரிகள் அவளுக்குப் பழகும் நேரத்தில் நான். அவள் பந்து தாழ்வாக நேரே வரும், என் பந்து மேலிருந்து வரும். ஒன்றுக்குப் பழகிய கண் இன்னொன்றில் ஏமாறும். கிட்டத்துக்குப் போடப் பழக எனக்கு மழைக்காலம் முழுக்க ஆனது. பந்தை முன்னாடியே விட வேண்டும், அதற்கு நன்றாக நிமிர வேண்டும். கொஞ்சம் கூனினாலும் தட்டுக்குப் பின்னாலிருந்து ராதா கத்துவாள். "நிமிருடி! உங்கம்மா இங்க இல்ல!"

பழைய பலகை இருந்த இடத்தில் என் கால் பறித்த குழி அப்படியே இருந்தது. மூடிவிடலாம் என்று வாட்ச்மேன் மண்வெட்டியோடு வந்தபோது ராதா தடுத்துவிட்டாள்.

"அது இருக்கட்டும்ணே."

மாலையில் எல்லாரும் போன பிறகு அவள் அந்தக் குழியில்தான் போய் நிற்பாள். அவள் காலுக்கு அது பெரிய குழி. நான் தட்டுக்குப் பின்னால் குந்தியிருப்பேன். பந்து குத்தும், பொறுக்கி எறிவேன், மறுபடி குத்தும். இனி அந்தத் தூரத்துக்கு எந்தப் போட்டியிலும் அவள் போட வேண்டியதில்லை.

பங்குனி வெயில் தாழ்ந்த ஒரு சாயங்காலம். பரீட்சைக்கு முந்தைய வாரம். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பை வெட்டி, கையை விட்டாள்.

குத்தும் என்று நினைத்துக் கையுறையைத் தரையில் வைத்திருந்தேன். பந்து அதற்கு மேலே வந்து என் மார்பில் அடித்தது. மல்லாந்து விழுந்தேன்.

"எட்டிருச்சாடி?" என்று அங்கிருந்து கத்தினாள்.

படுத்தபடியே என் நீளக் கையை, முடிந்த மட்டும் மேலே உயர்த்திக் காட்டினேன்.